கார்க் ஜில்லாவும் பரங்கிமலையும்

இருபத்தோராண்டுகளுக்கு முன்பு, கரக்பூர் ரயில்வே காலனியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு வார்த்தை சொன்னேன். என் மகன் தான் மணக்க விரும்பிய பெண்ணையும் அவள் தகப்பனாரையும் வீட்டுக்கு அழைத்து வந்திருந்த மாலைப்பொழுது அது. வந்தவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்னும் துணிவில், காப்பி கொண்டு வந்த என் மனைவியிடம், "குலமும் கோத்திரமும் தெரியாத இடத்தில் போய்ப் பெண் எடுக்கிறான், பார்" என்றேன். மனைவி பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாள். விருந்தாளிகள் காப்பியைப் புகழ்ந்தார்கள்.

கலியாணம் நடந்தது. பேரனும் பிறந்தான். அந்தப் பெண் எங்கள் வீட்டில் வத்தக்குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டு, என் மனைவியைவிட நன்றாகவே வைக்கத் தொடங்கினாள். ஆனால் சம்பந்தியும் நானும் மட்டும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கை குலுக்கிக்கொள்வதோடு நின்றுவிட்டோம். அவர் எஞ்சின் டிரைவராக இருந்தவர். நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடுவதில் தொடங்கி, மின்சார எஞ்சினில் ஓய்வு பெற்றவர். நானோ கணக்கு இலாகாவில் முப்பத்தாறு ஆண்டுகள் பேரேடு எழுதியவன். டிரைவர்களுடைய ஓவர்டைம் பில்லில் சிவப்பு மையால் கோடு போடுவதே என் உத்தியோகம். எங்களிருவருக்கும் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது?

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஆகவே கரக்பூரை விட்டுக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் இருக்கும் வீட்டுக்கே வந்து சேர்ந்தார். மற்ற நான்கு நாட்களும் பால்கனியில் எனக்கு எதிர் நாற்காலியில் அவர். இடையில் ஒரு செய்தித்தாள். அதை நாங்கள் பங்கு போட்டுப் படித்தோம்.

ஒருநாள் அவர் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதில் ஒரு பழைய ஜெபப் புத்தகம், முகம் மங்கிய இரண்டு புகைப்படங்கள், நான்காக மடித்த ஒரு தோல் காகிதம். "நீங்கள் பழைய கையெழுத்துப் படிப்பவர் அல்லவா? இதைப் படித்துச் சொல்லுங்கள். சாவதற்கு முன் என் ஊர்ப் பெயரைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்றார்.

அது கும்பினியின் மதராஸ் பீரங்கிப் படையிலிருந்து ஒரு சிப்பாயை விடுவித்த பத்திரம். சிப்பாயின் பெயர், உயரம், கண் நிறம், செய்த தொழில் எல்லாம் இருந்தன. தொழில் என்ற இடத்தில் கூலியாள் என்றிருந்தது. பிறந்த ஜில்லா கார்க். பிறந்த பாரிஷ், அதாவது நம் ஊர்ப்பக்கத்தில் பங்கு என்கிறார்களே, அதன் பெயர் மட்டும் காகிதம் மடிந்து மடிந்து நைந்துபோன கோட்டிலேயே சிக்கி மறைந்துவிட்டது. முதலெழுத்தும் கடைசியில் இரண்டு எழுத்துகளுமே மிச்சம்.

கரக்பூர் காலனியில் ஒவ்வோர் ஆங்கிலோ இந்தியர் வீட்டிலும் ஓர் அயர்லாந்துப் பாட்டனோ ஸ்காட்லாந்துப் பாட்டனோ உண்டு. நம்மவர் வீடுகளில் திவானாக இருந்த ஒரு பாட்டன் தவறாமல் இருப்பதைப் போல. ஆகவே சம்பந்தி சொல்லும் அயர்லாந்தை நான் அதுவரை ஒரு பொருட்டாக நினைத்தவனல்ல. பத்திரத்தைக் கண்டபிறகு அப்படி நினைக்க முடியவில்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: 1857க்கு முன் கும்பினியின் படையிலிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஐரிஷ்காரர்களாம். கும்பினியின் மதராஸ் ஐரோப்பியக் காலாட்படையே பிற்பாடு அரசாங்கப் படையில் சேர்ந்து, 1881ல் ராயல் டப்ளின் ஃப்யூஸிலியர்ஸ் என்று பெயர் மாறிற்று. மதராஸில் பிறந்த படைக்கு டப்ளின் பெயர்!

இனி, அயர்லாந்தில் ஒருவனுடைய பூர்வீகத்தைத் தேடுவது எத்தகைய வேலை என்பதைச் சொல்லவேண்டும். எனக்கு அது புதிய உத்தியோகத்தில் அமர்ந்ததுபோல இருந்தது.

முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, அங்கே காகிதம் எரிந்துபோன கதை. டப்ளின் நகரில் ஃபோர் கோர்ட்ஸ் என்னும் நீதிமன்ற வளாகத்துக்குள் நாட்டின் பழைய தஸ்தாவேஜுகளையெல்லாம் சேர்த்துவைத்த ஆவணக் காப்பகம் இருந்தது. உள்நாட்டுப் போர் மூண்டபோது, 1922 ஜூன் 28ஆம் தேதி அந்த வளாகத்தின்மேல் பீரங்கி சுடத் தொடங்கிற்று. 30ஆம் தேதி பெரிய வெடிப்பும் தீயும். பல நூற்றாண்டுக் காகிதங்கள் கருகிக் காற்றிலேறி நகரெங்கும் விழுந்தன. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு குடிமதிப்புகளும், சில துண்டுகள் தவிர, அதில் போயின. உயில்கள் போயின. அரசாங்கத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின.

நெருப்பை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1861, 1871 குடிமதிப்புத் தாள்களை, கணக்கெடுத்து முடிந்ததும் சர்க்காரே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போரின் காகிதப் பஞ்சத்தில் கூழாக்கப்பட்டன. கணக்கு இலாகாக்காரன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எதிரி எரித்தால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். குமாஸ்தாவே குப்பையில் போட்டால் யாரிடம் முறையிடுவது?

அப்படியானால் எஞ்சியது என்ன? 1901, 1911 ஆகிய இரண்டு குடிமதிப்புகள் முழுமையாக இருக்கின்றன. அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பிறப்பு, இறப்பு, கலியாணம் எல்லாருக்கும் சர்க்கார் பதிவு தொடங்கியது 1864ல். அதற்கு முன்பிருந்தவர்களுக்கு நான்கு சாட்சிகள். பாதிரியார் எழுதிய ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று. 1823 முதல் 1837 வரை எழுதிய டைத் புத்தகம், அதாவது கத்தோலிக்கக் குடியானவனும் அரசாங்கத் திருச்சபைக்குக் கட்டவேண்டியிருந்த தசம வரியின் ஜாபிதா இன்னொன்று. 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் நடத்திய நில மதிப்பீடு மூன்றாவது. நான்காவது, அவனவன் அதிர்ஷ்டம்.

கத்தோலிக்கப் பதிவேடுகள் தப்பியது எதனால் என்று நினைக்கிறீர்கள்? அவற்றை யாரும் டப்ளின் காப்பகத்துக்கு அனுப்பவில்லை. அவை அந்தந்தக் கோயில் அலமாரியிலேயே கிடந்தன. சர்க்கார் மதிக்காததனாலேயே அவை பிழைத்தன. அயர்லாந்துத் தேசிய நூலகம் அவற்றைப் படமெடுத்து வைத்திருந்து, 2015 ஜூலையில் இணையத்தில் திறந்துவிட்டது. ஏறக்குறைய 1880 வரையிலான பக்கங்கள் அதில் உண்டு. நாங்கள் பார்த்த பக்கங்களை எழுதியவர்கள் மழையில் நனைந்துகொண்டே எழுதினார்களோ என்னவோ, பாதி மை கரைந்திருந்தது.

ஆனால் பாரிஷ் தெரியாமல் எந்தப் பதிவேட்டைத் திறப்பது? சம்பந்தியின் குடும்பப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நம் பக்கத்தில் ராமசாமி எப்படியோ, கார்க் ஜில்லாவில் அந்தப் பெயர் அப்படி. போதாததற்குப் பெயரின் முன்னால் 'ஓ' என்னும் எழுத்து ஒரு தலைமுறையில் இருக்கும், அடுத்த தலைமுறையில் இராது. ஆங்கில ஆட்சியில் பலர் அதைக் கைவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தாய்மொழிப் பற்றுத் தலையெடுத்தபோது பலர் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே இரண்டு எழுத்திலும் தேடவேண்டும்.

லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் உதவிக்கு வந்தான். கும்பினியின் காகிதங்கள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கப்பலேறிய ஒவ்வொரு சிப்பாய்க்கும் பெயர், வயது, தொழில், பிறந்த இடம் எழுதிய பேரேடுகள் அங்கே உண்டு. அவன் ஒரு சனிக்கிழமையைச் செலவிட்டு எங்கள் ஆளைக் கண்டுபிடித்து அனுப்பினான். 1846ல் சேர்ந்தவர், வயது இருபது. பாரிஷ் பெயரும் தெளிவாக இருந்தது. ஆனால் அப்படி ஒரு பெயர் கார்க் ஜில்லாவின் எந்தப் படத்திலும் இல்லை!

நான் இரண்டு நாள் எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சம்பந்தி, "எழுத்தைப் பார்க்காதீர்கள். உரக்கச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். "இன்னும் வேகமாக, எஞ்சின் சத்தத்தில் போர்ட்டர் கத்துவதுபோல" என்றார். அப்படியும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, படத்தில் வேறொரு பெயரின்மேல் விரலை வைத்தார். கும்பினிக் குமாஸ்தா காதால் கேட்டதை எழுதியிருக்கிறான். எழுதப்படிக்கத் தெரியாத இருபது வயதுப் பையன் தன் ஊர்ப் பெயரைச் சொன்னான். ஆங்கிலேயக் குமாஸ்தா தன் காதுக்கு எட்டியபடி எழுதிக்கொண்டான். திருச்சிராப்பள்ளியை டிரிச்சினாப்பலி என்றும் தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும் எழுதிய கையல்லவா? இது எனக்குத் தோன்றாமல், ஆயிரம் ஸ்டேஷன் பலகைகளைக் கடந்துபோன அந்த மனிதருக்குத் தோன்றிற்று.

படத்திலிருந்த பெயரும் அசலல்ல என்பதைப் பின்னால் அறிந்தேன். 1824ல் தொடங்கிய நில அளவையில் அயர்லாந்தின் ஊர்ப் பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்தில் அடக்கினார்கள். அவற்றின் அசல் வடிவத்தை ஆராய 1830ல் ஜான் ஓடோனவன் என்னும் புலவர் அமர்த்தப்பட்டார். 'பாலி' என்று தொடங்கினால் ஊர், 'நாக்' என்று தொடங்கினால் குன்று, 'கில்' என்று தொடங்கினால் பெரும்பாலும் கோயில். நம் பட்டியும் பாக்கமும் மலையும் போல. அந்த நாட்டில் டவுன்லாண்டு என்று ஒரு பிரிவு உண்டு. நம் குக்கிராமத்துக்கும் சிறியது. அத்தகையவை அறுபதாயிரத்துக்கு மேல். ஒரு மனிதனின் ஊர் என்றால் அதுதான். பாரிஷ் கிடைத்ததும் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மறு பாதி டவுன்லாண்டு.

பதிவேட்டைத் திறந்தோம். லத்தீன்! இங்கே என் பேரேட்டு ஞானம் உதவவில்லை. சம்பந்தியோ சிறுவயதில் கரக்பூர் கோயிலில் பூசைக்கு உதவிய பையன். பூசை லத்தீனில் நடந்த காலம் அது. அறுபது வருஷத்துக்கு முன் மனப்பாடம் செய்த சொற்கள் நாவில் வந்தன. ஜகோபுஸ் என்றால் ஜேம்ஸ், கூலியெல்முஸ் என்றால் வில்லியம் என்று அவர் சொல்லச்சொல்ல, சிதைந்த எழுத்தை நான் கூட்ட, மருமகள் கணினியில் குறித்துக்கொண்டாள். பேரன் நடுநடுவே வந்து எங்களிருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான்.

அந்தப் பாரிஷில் 1824 முதல் 1828 வரை அதே பெயரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகள் மூவர். எவன் நம் ஆள்? இங்கே ஒரு வழக்கம் கைகொடுத்தது. ஐரிஷ்காரர்கள் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்றவரின் பெயரும் வைப்பார்களாம். எல்லாக் குடும்பத்திலும் தவறாமல் நடந்தது என்று சொல்லமுடியாது, ஆனாலும் பெருவழக்கு. பாட்டன் பெயரைத் தாங்குவதால்தான் பேரன் என்கிறோம் என்று சம்பந்திக்கு விளக்கினேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஜெபப் புத்தகத்தில் சிப்பாயின் மக்கள் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. மூத்த மகனின் பெயரோடு, மூன்று குழந்தைகளில் ஒருவனுடைய தகப்பன் பெயர்தான் பொருந்திற்று. இது தீர்ந்த முடிவல்ல; கோர்ட்டில் நிற்காது. எங்களுக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஒற்றை வரியில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? குழந்தை, தகப்பன், டவுன்லாண்டு, ஞானத்தாய் தகப்பன் இருவர். எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயின் பெயர், அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு. ஓட்டைக் குடிசையில் உருளைக்கிழங்கு தின்று வாழ்ந்த ஒரு கூலிக்காரன் மனைவிக்கு இன்ன வீட்டுப் பெண் என்று பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார்.

டைத் புத்தகத்தைப் பார்த்தோம். 1820களின் இறுதியில் அந்த டவுன்லாண்டில் தகப்பன் பெயர் இருக்கிறது, சில ஏக்கர் நிலத்தோடு. சம்பந்தி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அடுத்தபடியாகக் கிரிஃபித்தின் மதிப்பீடு. கார்க் ஜில்லாவுக்கு அது 1850களின் தொடக்கத்தில் வெளிவந்தது. அதே டவுன்லாண்டு. அந்தப் பெயர் இல்லை. அந்தக் குடும்பப் பெயரிலேயே ஒருவரும் இல்லை. நிலத்தில் பெரும்பகுதி ஒரே குத்தகைக்காரர் வசம் இருந்தது.

இரண்டு ஜாபிதாக்களுக்கும் நடுவில் பஞ்சம் வந்து போயிருந்தது. 1845ல் உருளைக்கிழங்குச் செடியில் நோய் விழுந்தது. 1852க்குள் ஏறக்குறையப் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கு மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். 1841ல் 81 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1851ல் 65 லட்சம். கார்க் ஜில்லாவின் மேற்குப் பகுதி மிகவும் அடிபட்ட இடங்களில் ஒன்று. பையன் பட்டாளத்தில் சேர்ந்த வருஷம் 1846 என்பதை அப்போதுதான் மூவரும் சேர்ந்து நினைத்துப்பார்த்தோம். சாகசத்துக்காகக் கப்பலேறிய வீரர் என்றே சம்பந்தி வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கதை. "சோற்றுக்காக வந்திருக்கிறார்" என்றார் சம்பந்தி. என் தகப்பனார் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து ரயிலேறி வந்ததும் அதற்காகத்தான் என்றேன். அதுவரை நான் அதை யாரிடமும் அப்படி வெளிப்படையாகச் சொன்னதில்லை. பி.என்.ஆர். கம்பெனி அழைத்து வேலை கொடுத்தது என்பதே எங்கள் வீட்டுக் கதை.

1901 குடிமதிப்பையும் விடாமல் பார்த்தோம். நேரடிப் பயன் இல்லை. ஆனால் அதில் ஒரு பத்தி, இன்னார் என்ன மொழி பேசுவார் என்பதற்கு. அந்தப் பாரிஷில் கிழவர் கிழவிகள் பெயருக்கு எதிரே ஐரிஷும் ஆங்கிலமும் என்றிருந்தது. பேரக் குழந்தைகள் பெயருக்கு எதிரே அந்தப் பத்தி பல வீடுகளில் காலியாக இருந்தது. ஆங்கிலம் மட்டும் பேசினால் எழுதவேண்டாம் என்பது விதி. அன்று இரவு சாப்பிடும்போது பேரனிடம் தமிழில் நாலு கேள்வி கேட்டேன். இரண்டுக்கு வங்காளியிலும் ஒன்றுக்கு ஆங்கிலத்திலும் பதில் வந்தது. நாலாவதற்குத் தலையை ஆட்டினான்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 1901ல் ஐம்பத்தைந்து வயதென்று எழுதிய பலர் 1911ல் எழுபதாகியிருப்பார்கள். 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுபது நிரம்பியவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியதே காரணம். பிறப்புப் பதிவு 1864ல் தொடங்கியதால் கிழவர்களிடம் அத்தாட்சி கிடையாது. நாம் சிரிக்கலாமா? என் தகப்பனாரின் பிறந்த தேதி, திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் சௌகரியம்போல நிர்ணயித்தது. அதை நம்பித்தான் ரயில்வே அவரை வீட்டுக்கு அனுப்பிற்று.

இனிச் சிப்பாயின் இந்திய வாழ்வு. மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடம் பரங்கிமலை. ராஜதானிகளில் நடந்த ஐரோப்பியர் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்புவது கும்பினி வழக்கம். அந்த நகல்களும் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில். மதராஸ் ராஜதானித் தொகுதியில், பெர்த் நகரத்திலிருக்கும் சம்பந்தியின் தங்கை சந்தா கட்டியிருந்த ஓர் இணையத்தளத்தின் மூலம், விவாகப் பதிவு அகப்பட்டது. அந்த அம்மாளுக்கு இந்தத் தேடலில் தனி ஆர்வம். தன் மகனுக்கு அயர்லாந்துப் பாஸ்போர்ட் கிடைக்குமென்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாட்டனோ பாட்டியோ அங்கே பிறந்திருந்தால்தான் பொதுவாக அது நடக்கும். 1826ல் பிறந்தவரை வைத்து நடக்காது.

1852ஆம் ஆண்டு. மணமகன் பெயர், படைப்பிரிவு, அவன் தகப்பன் பெயர் எல்லாம் இருந்தன. மணமகளுக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர், அவ்வளவே. குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயருக்குரிய இடத்தில் ஒரு கோடு. பக்கத்தில் சிறிய எழுத்தில், 'நேட்டிவ்' என்று ஒரு சொல்.

அந்தக் கோட்டை நான் நெடுநேரம் பார்த்தேன். மூத்த மகனின் ஞானஸ்நானப் பதிவிலும் அவள் அதே ஒற்றைப் பெயரோடுதான் நிற்கிறாள். எந்த ஊர், யார் மகள், அந்தப் பெயர் வைப்பதற்கு முன் தாய் அவளை என்ன சொல்லி அழைத்தாள், ஒன்றுமில்லை. பரங்கிமலையைச் சுற்றிய ஊர்களில் பிறந்தவளானால் தமிழ்ப் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். தெலுங்குப் பெண்ணாகவும் இருந்திருக்கலாம். எழுதியவருக்கு அந்தக் கவலை இல்லை. ஏட்டிலும் எரிந்து, கூழாகவும் போன அயர்லாந்திலிருந்து ஒரு கூலிக்காரன் மனைவியின் பிறந்தகம்வரை தேடி எடுத்துவிட்டோம். நெருப்பே படாத மதராஸ் ரிஜிஸ்தரில் ஒரு கோடு.

சம்பந்தி வெகுநேரம் கழித்து, "அப்படியானால் ஐம்பது வருஷமாக நான் உங்களை மதராஸி என்று சொல்லிக்கொண்டிருந்தது யாரை?" என்றார். சிரித்துத்தான் சொன்னார். பெர்த்திலிருந்த தங்கை சிரிக்கவில்லை. அது அதே பெயருள்ள வேறொரு சிப்பாயாக இருக்கவேண்டுமென்றும், அந்தப் பக்கத்தைக் குடும்ப வரலாற்றில் சேர்க்கவேண்டாமென்றும் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நம் அரசியல் சட்டத்தின் 366ஆம் விதி, ஆங்கிலோ இந்தியர் யாரென்று ஆண்வழியை வைத்தே வரையறுக்கிறது. தகப்பனோ தகப்பன் வழி முன்னோனோ ஐரோப்பிய வம்சமாக இருக்கவேண்டும். தாய்வழியைச் சட்டமும் கேட்கவில்லை. தங்கை மட்டும் ஏன் கேட்கவேண்டும்?

கணினித் திரையை எட்டிப் பார்த்த என் மனைவி, "ஏன்னா, அந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா இல்லாமலா இருந்திருப்பா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. மருமகள் குறிப்பெழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "அப்பா, கோத்திரம் என்றால் என்னவென்று நான் அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்."

இருபது வருஷம் அந்த வார்த்தையோடு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சம்பந்திக்கு மருந்து வேளை ஆகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லவும் சொன்னேன், தமிழில்தான் சொன்னேன். "சரி, அப்பா" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆவணி மாதம் சம்பந்தி காலமானார். கடைசி வாரத்தில் நினைவு தெளிவாக இருந்த ஒரு பொழுது, டவுன்லாண்டின் பெயரை என்னிடம் சொல்லிக் காட்டினார், போர்ட்டர் குரலில். அவர் விருப்பப்படி கரக்பூருக்கே கொண்டுபோய் அடக்கம் செய்தோம். கார்க்கில் அந்தப் பாரிஷ் பாதிரியாருக்கு மருமகள் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. பேரன் வரைந்த வம்சப் படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அயர்லாந்துக் கிளை ஆறு தலைமுறை போகிறது. எங்கள் கிளை என் கொள்ளுப்பாட்டனாரோடு நிற்கிறது. தர்ப்பணத்தில் சொல்லும் மூன்று தலைமுறைக்கு மேல் எனக்கும் ஒன்றும் தெரியாது. பரங்கிமலைப் பெண்ணுக்குரிய கட்டத்தில் அந்த ஒற்றைப் பெயரை எழுதி, அதற்கு மேலே இரண்டு காலிக் கட்டங்களையும் பையன் போட்டுவைத்திருக்கிறான். அவற்றை அழித்துவிடலாமே என்று அவன் நண்பன் கேட்டதற்கு, முடியாது என்றானாம்.

இவ்வாண்டு மகாளய அமாவாசையன்று வழக்கம்போலக் கங்கைக்கரையில் தர்ப்பணம் செய்தேன். முடிவில், தாயோ தகப்பனோ உற்றாரோ இல்லாதவர்களுக்கென்று எள்ளும் நீரும் விடும் மந்திரம் ஒன்று உண்டு. இத்தனை வருஷமாக அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். இம்முறை நடுவில் நின்றுவிட்டேன். சாஸ்திரிகள் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார், மறந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டார். அவருக்கு அன்று இன்னும் பதினொரு வீடு பாக்கி இருந்தது.